தட்டை முடித்துவிட்டுப் போ

திருவட்டாறுக்குக் கிழக்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் அந்த முந்திரிப் பருப்பு ஆலையை ஊரில் யாரும் ஆலை என்று சொல்வதில்லை. முந்திரிக்கொட்டைக்கு அங்கே அண்டி என்று பேர், அண்டி ஆபீஸ் என்றால்தான் தெரியும். ராஜமணி அங்கே தோல் உரிக்கும் கூடத்தில் சேர்ந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. இப்போது ஐம்பது. இடையில் கல்யாணம், இரண்டு பிரசவம், முழங்கால் தேய்மானம் எல்லாம் வந்துபோயின. கூடம் மட்டும் மாறவில்லை. சூட்டில் உலர்த்திய பருப்பு தட்டுத் தட்டாக வரும். மேலே ஒட்டியிருக்கும் சிவப்புத் தோலைச் சின்னக் கத்தியால் சுரண்டி, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். நூற்றுப் பத்துப் பெண்கள் வரிசையாகத் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து இதைச் செய்வார்கள்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் அவளைக் கூடத்துக்குச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சுவரோரம் ஒரு சிமெண்டு மேடை, அதன்மேல் ஒரு நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் நூற்றுப் பத்துத் தலைகளும் தெரியும். யார் பேசுகிறாள், யார் கை நின்றுவிட்டது என்பதும் தெரியும். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவள் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். ராஜமணி அப்படி இல்லை. கல்யாண வீட்டுக்குப் போவாள், பேறுகாலம் பார்க்கப் போவாள், நகை இல்லாத பெண்ணுக்குத் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ஆனால் மேடையில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அது வேறு ராஜமணி. உடைந்த பருப்பு அதிகம் கிடந்தால் தட்டைத் தலைக்கு மேலே தூக்கி, "இது யாருக்க தட்டு?" என்று கேட்பாள். தட்டுக்காரி எழுந்து நிற்கும்வரை இறக்க மாட்டாள். வெளியே போவதென்றால் கை தூக்கிக் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது. இதெல்லாம் அவள் கண்டுபிடித்த சட்டங்கள் அல்ல. அவளும் இவற்றுக்குக் கீழே இருந்து வந்தவள்தான். அதனாலேயே அவற்றில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. விடாத மழை. சாயங்காலத்துக்குள் தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றியாக வேண்டும். முதலாளியின் மகன் சிவபிரசாத் காலையிலேயே மூன்று தடவை வந்து கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பதினோரு மணி வாக்கில் நாலாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அன்னக்கிளி. நாற்பத்தாறு வயது, பதினைந்து வருடமாக அங்கே உரிக்கிறவள், அதிகம் பேசாதவள்.

"அக்கா, நெஞ்சு ஒருமாதிரி வருகு. வீட்டுக்குப் போட்டா?"

"வல்லதும் சேராதது தின்னிருப்ப. கொஞ்சம் வெள்ளம் குடிச்சிட்டு இரி."

அன்னக்கிளி உட்கார்ந்துவிட்டாள். அரைமணி நேரம் கழித்து மறுபடியும் கை தூக்கினாள். இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை. ராஜமணி வாசலைப் பார்த்தாள். சிவபிரசாத் நின்றுகொண்டிருந்தார்.

"கையில உள்ள தட்ட முடிச்சிட்டுப் போ."

அன்னக்கிளி முடித்தாள். தட்டைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆபீசுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து தூணில் தலையைச் சாய்த்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை. முதல் பஸ் வந்து போயிற்று. இரண்டாவது பஸ்ஸின் கண்டக்டர்தான் இறங்கிவந்து தோளைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் அடக்கத்துக்கு ஆபீசே திரண்டு போனது. ராஜமணி முற்றத்தில் ஒதுங்கி நின்றாள். அன்னக்கிளியின் மகள் சபிதா, ஆற்றூரில் கட்டிக்கொடுத்தவள், அழுது வீங்கிய முகத்தோடு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்ம உங்களப் பத்தி ஒரு கொற சொன்னதில்ல கேட்டியளா அக்கா. வேலைன்னா அவளுக்கு உசிரு. கடைசி வரைக்கும் வேல செஞ்சிட்டில்லா போயிருக்கா."

ராஜமணி தலையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை கூடத்துக்குள் நுழையும்போது அவள் தயாராக இருந்தாள். யாராவது கேட்பார்கள். நாலாவது வரிசைக்காரிகள் எல்லோரும் அதைக் காதால் கேட்டவர்கள். அன்னக்கிளிக்குப் பக்கத்தில் உட்காரும் பெமிலா துடுக்கானவள், முப்பது வயதுக்காரி, அவளாவது கேட்பாள். என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்திருந்தாள். நெஞ்சு வலி என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்குச் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் பிழைத்திருப்பாளா என்று யாருக்குத் தெரியும்.

யாரும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. ஆடி பிறந்தும் கேட்கவில்லை. முன்பைவிட அதிக மரியாதையாக இருந்தார்கள். அவள் கடந்து போனால் பேச்சை நிறுத்தினார்கள். டீ வந்தால் முதல் கிளாஸ் அவளுக்கு வந்தது. முதலில் இது மன்னிப்பு என்று நினைத்தாள். பிறகு ஒரு நாள், தட்டில் உடைந்த பருப்பைப் பார்த்துக் குனிந்தபோது தட்டுக்காரி, இவள் வாய் திறக்கும் முன்பே, கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அப்போதுதான் அது மன்னிப்பு இல்லை என்று புரிந்தது. ஒருத்தி செத்துப்போன பிறகும் 'நீ ஏன் அவளை விடவில்லை' என்று கேட்க மிச்சமிருந்த நூற்றொன்பது வாயில் ஒரு வாய் இல்லை. அந்தக் கூடத்தை அவள் அப்படி ஆக்கி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷன் நாராயணபெருமாளோடு அய்யாவழிக் கோயிலான நிழல்தாங்கலுக்குப் போவது அவள் வழக்கம். அங்கே பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிடுகிறவர்கள் தங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கும்பிட வேண்டும். அந்த ஆடியில் அவள் போவதை நிறுத்தினாள். முழங்கால் வலி என்றாள். நாராயணபெருமாள் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வலி காலுலயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

ஆவணியில் ஒரு காலை, மேடையில் நின்று அவள் அறிவித்தாள். "இனி யாருக்காவது மேலுக்குச் சொகமில்லன்னா என்ட்ட கேக்காண்டாம். எந்திரிச்சுப் போலாம்."

நூற்றொன்பது தலைகளும் குனிந்தபடி இருந்தன. ஒரு வாரம் யாரும் எழுந்து போகவில்லை. எட்டாவது நாள் ஒருத்தி கை தூக்கி, "அக்கா, கேக்காம வெளிய போலாம்னு சொன்னியளே, இப்பம் போட்டா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

மேடைமேல் நின்று சொன்னால் எதுவும் உத்தரவாகத்தான் போய்ச் சேரும் என்று ராஜமணிக்கு அன்றைக்குப் பட்டது. நாற்காலியை எடுத்துக் கிடங்கில் போடச் சொன்னாள். ஒரு பலகையைக் கொண்டுவந்து நாலாவது வரிசையில், இன்னும் காலியாகக் கிடந்த அன்னக்கிளியின் இடத்துக்கு அடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையில் ஒரு மணி நேரம், மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் அவளும் உரித்தாள். எட்டு வருடமாகத் தொடாத கத்தி. முதல் தட்டில் பாதிக்குப் பாதி உடைந்தது. இடுப்பு பிளந்தது. பத்து மணிக்கே வெளியே போக வேண்டும்போல் இருந்தது, எழுந்து போனாள். திரும்பி வந்தபோது வரிசையில் இரண்டு பேர் எழுந்து போயிருந்தார்கள். மறுநாள் ஐந்து பேர்.

பிறகு ஒரு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டுக் குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். குறை இருந்தால் எழுதிப் போடுங்கள், பேர் வேண்டாம் என்றாள். இரண்டு மாதம் அதில் மிட்டாய்த் தாளைத் தவிர எதுவும் விழவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு துண்டுச் சீட்டு. 'வடக்கு மூலை காத்தாடி ஓடவில்லை.' அவ்வளவுதான். ராஜமணி அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே சிவபிரசாத்திடம் போனாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் அவர். "இண்ணைக்கு ஓடணும் சார். இண்ணைக்கு ஓடலன்னா இனி ஒருத்தியும் எழுதமாட்டா" என்றாள் அவள். அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் காத்தாடி ஓடியது. அடுத்த வாரம் பெட்டியில் பதினாலு சீட்டு.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அந்தச் சீட்டுகளை அவள் வாசிப்பாள். நடக்கும் என்பதை நடக்கும் என்றும், நடக்காது என்பதை நடக்காது என்றும், தெரியாததைக் கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொல்வாள். கேட்டுச் சொல்கிறேன் என்றதை அடுத்த சனிக்கிழமை மறக்காமல் சொல்வாள். தட்டைத் தூக்கிக் காட்டுவது நின்றுபோனது. உடைசல் அதிகமானால் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, மற்றவள் காதில் விழாமல், "கத்தி மழுங்கிட்டாட்டி?" என்று கேட்பாள். பல நேரம் கத்திதான் மழுங்கியிருக்கும். சரக்கு அவசரமென்றால், எங்கே போகிறது, எப்போது போக வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிடுவாள். பருப்பை ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று வாசலில் பெண்களின் உடம்பைத் தடவிச் சோதிக்கும் வழக்கத்தை நிறுத்தத்தான் ஒன்றரை வருடம் பிடித்தது. "அக்கா, நீங்க செல்லம் குடுத்துக் கெடுக்கிய" என்றார் சிவபிரசாத். "அப்பம் எனக்க மேலயும் தடவச் சொல்லுங்க சார், எல்லாருக்கும் முன்னால" என்று அவள் வரிசையில் போய் நின்றாள். மூன்று நாள் அப்படி நின்றாள். நாலாவது நாள் பையை மட்டும் பார்த்தால் போதும் என்று உத்தரவு வந்தது.

வேலை குறையவில்லை. உடைசல் குறைந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். கருங்கல் ஊர்ப் பக்கம் இதே முதலாளிக்கு இருக்கும் ஆபீசிலிருந்து இரண்டு பேர் பஸ் மாறி இங்கே வந்து சேர்ந்தார்கள். கூடத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது, சில நாள் பாட்டும் கேட்டது.

ஆனால் ராஜமணிக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. ஒவ்வொன்றும் சரியாக நடக்கும்போதும் நெஞ்சுக்குள் ஒரு முள் ஆழமாக இறங்கியது. இவ்வளவு லேசாக முடிகிற காரியமா இது. ஒருத்தி எழுந்து வெளியே போனால் சரக்கு நின்றுவிடவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அன்றைக்கும் விழுந்திருக்காது.

போன மாசியில் கொல்லத்திலிருந்து ஒரு ஏற்றுமதிக்காரர் வந்தார். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் தொழிலாளியை எப்படி நடத்துகிறார்கள் என்றும் பார்க்கிறார்களாம். சிவபிரசாத் அவரை முதலில் உரிக்கும் கூடத்துக்குத்தான் கூட்டிவந்தார். 'நாம் ஒரே குடும்பம்' என்று புதிதாக ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தது. ராஜமணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். வந்தவர் மலையாளம் கலந்த தமிழில், "இதெல்லாம் எப்படித் தொடங்கினீங்க?" என்று விசாரித்தார்.

ராஜமணி பொன்னாடையைச் சரிசெய்துகொண்டாள். "ஒரு காத்தாடி ஓடாம கெடந்தது" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை, பத்து நிமிடத்தில் சீட்டெல்லாம் வாசித்து முடித்த பிறகு, பெமிலா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள். எழுதிப் போடவில்லை.

"அக்கா, பொன்னாட போத்தினப்பம் நான் கைதட்டல. என்னத்துக்குன்னு கேக்க மாட்டியளா?"

"என்னத்துக்கு?"

"காத்தாடியிலயா இது தொடங்குச்சு?"

மேலே காத்தாடிகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

பெமிலா எழுந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை. "அன்னக்கிளியக்கா ரெண்டு மட்டம் கை தூக்கினா. முடிச்சிட்டுப் போன்னு சொன்னிய. அவளுக்குக் கை ஓடல. மேலெல்லாம் வேர்வை. தட்டுல கடைசி ரெண்டு பிடி நான்தான் வாங்கி உரிச்சுக் குடுத்தேன், சீக்கிரம் போட்டும்னு. எனக்கு எந்திரிச்சு உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணல. பயம். வேல போயிரும்னு பயம். நீங்க அவள அண்ணைக்கு விட்டிருந்தா அவ இருந்திருப்பாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனா பஸ் ஸ்டாப்புல தனியா இருந்து செத்திருக்க மாட்டா. இத யாராவது உங்க மொகத்தப் பாத்துச் சொல்லணுமில்லா. மூணு வருஷமாச்சு."

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த பதில்களில் ஒன்றுகூட ராஜமணிக்கு வாயில் வரவில்லை. இப்படி ஒருத்தி எழுந்து நின்று கேட்கக்கூடிய கூடத்தைத்தான் மூன்று வருடமாக அவள் கட்டிக்கொண்டு வந்தாள். கட்டி முடித்ததும் அதன் முதல் வேலை இதுதான் என்று ஏதோ ஒரு மூலையில் அவளுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "நான்தான் விடல. மொதலாளி வாசல்ல நிக்காருன்னு விடல. வேற காரணம் ஒண்ணும் இல்ல."

யாரும் அவளைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. மணி அடித்தது. ஒவ்வொருத்தியாகத் தங்கள் பலகைக்குப் போனார்கள். பெமிலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ராஜமணி ஆற்றூருக்குப் போனாள். நாராயணபெருமாள் வேண்டாம் என்றார். "சொன்னா உனக்கு லேசாவும். அந்தப் பிள்ளைக்கு?" என்றார். அவள் கேட்கவில்லை. இவ்வளவு நாள் மறைத்துவைத்ததே பாவம் என்று அவளுக்குத் தோன்றியது.

சபிதா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பால் இல்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். சுவரில் அன்னக்கிளியின் படத்துக்குப் புதுப் பிச்சிப்பூ சாத்தியிருந்தது. ராஜமணி படத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு தடவை கை தூக்கியது, தட்டு, பெமிலா உரித்துக் கொடுத்த இரண்டு பிடி, ஒன்றையும் விடவில்லை.

சபிதா படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கம்ம ஒண்ணும் தெரியாம, சட்டுன்னு போயிட்டான்னு நெனச்சுக் கெடந்தேன்" என்றாள். "வலிச்சிருக்காதுன்னு நெனச்சேன். அப்படி நெனச்சுத்தான் ஒறங்கினேன். அவ கேட்டிருக்கா. ரெண்டு மட்டம் கேட்டிருக்கா. இனி நான் எத நெனச்சுக் கெடக்க?"

"மக்கா..."

"என்னத்துக்கு இத எனக்குச் சொல்லுதிய? உங்களுக்குப் பாரம் தாங்கலன்னா நான்தான் கெடைச்சேனா?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. சாயாக் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பி வரவில்லை. ராஜமணி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி நடந்தாள். பேச்சிப்பாறைக் கால்வாயில் தண்ணீர் விடாமல் அடைத்திருந்த காலம். அடியில் சேறும் பிளாஸ்டிக்கும் கிடந்தன. கரையோரமாகவே நடந்து திருவட்டாறு வரை வந்துவிட்டாள். பஸ் ஏற வேண்டும் என்றே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு சபிதாவை ஒருமுறை மார்த்தாண்டம் சந்தையில் பார்த்தாள். சபிதா மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தவள், இவளைக் கண்டதும் மீன் வாங்காமலே போய்விட்டாள்.

ஆபீசில் எல்லாம் முன்போலவே நடக்கிறது. சனிக்கிழமைகளில் சீட்டு வாசிக்கிறாள். பெமிலா இப்போதும் நாலாவது வரிசையில், அவளுக்கு ஒரு பலகை தள்ளி உட்காருகிறாள். இருவரும் கத்தி, உடைசல், மழை என்று பேசிக்கொள்கிறார்கள். அதைத் தாண்டிப் பேச்சு போவதில்லை. போகாதென்று இருவருக்கும் தெரியும்.

வைகாசியில் சிவபிரசாத் அவளைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு இன்னும் இரண்டு ஆபீஸ்கள் இருக்கின்றன, அங்கேயும் இப்படிச் செய்யலாம் என்று திட்டம். "நீங்க செஞ்சத ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க அக்கா. அச்சடிச்சு எல்லா கூடத்துலயும் ஒட்டலாம்."

ராஜமணி இரண்டு நாள் எடுத்துக்கொண்டு எழுதினாள். எட்டாவது வரைதான் படிப்பு, கையெழுத்து கோணல். சூப்பர்வைசர் தரையில் உட்கார வேண்டும். தப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் குறையை அன்றைக்கே தீர்க்க வேண்டும். செய்ய முடியாததைச் செய்கிறேன் என்று சொல்லக் கூடாது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரிகள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, 'அன்னக்கிளி உடம்பு முடியவில்லை என்று இரண்டு தடவை கேட்டும் நான் விடவில்லை. அவள் அன்றைக்கே இறந்துபோனாள். அதனால் இதை எழுதுகிறேன்' என்று எழுதியிருந்தாள்.

பத்து நாளில் அச்சாகி வந்தது. வழுவழுப்பான தாள், ஓரத்தில் பச்சைக் கோடு, கீழே அவள் போட்டோ, பெயர். முதல் வரி இல்லை.

"மேல ஒரு வரி எழுதியிருந்தேனே சார்" என்றாள்.

"அது வேண்டாம் அக்கா. பொதுவா இருக்கட்டும். வாசிக்கிறவங்களுக்கு மனசு சங்கடப்படும்லா. கேஸு அது இதுன்னு யாராவது கிளப்பினா நமக்குத்தான் கஷ்டம்."

ராஜமணி தாளை மேசைமேல் வைத்தாள். "அப்பம் எனக்க பேரயும் போட்டோவயும் எடுத்திருங்க."

அவர் சம்மதித்தார். அதில் அவருக்கு நஷ்டமில்லை. இப்போது மூன்று ஆபீஸ்களிலும் அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது, யார் எழுதியதென்று இல்லாமல். கருங்கல் பக்கத்து ஆபீசில் இன்னமும் மேடையும் நாற்காலியும் இருப்பதாகவும், தாளை அந்த நாற்காலிக்கு மேலேதான் ஒட்டியிருப்பதாகவும் பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். ராஜமணி கேட்டுக்கொண்டாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். இதுவரை போகவில்லை.